ஜப்பான் வண்டிக்கு ஒரு தள்ளு

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, நான் கணக்கில் வாங்கும் மார்க். அது பரீட்சைக்குப் பரீட்சை ஏறும், இறங்கும். ஏறவும் இறங்கவும் செய்யாத இன்னொரு பெருமை வீட்டு போர்டிகோவில் நின்றது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஜப்பான் கார் அது.

ஜப்பான் கார் என்றுதான் தெருவே சொல்லும். உண்மையில் அது ஜப்பான் கம்பெனியோடு சேர்ந்து வடக்கே ஒரு தொழிற்சாலையில் நம் ஆட்கள் பூட்டி அனுப்பிய சின்ன வண்டி. முன்பணம் கட்டிவிட்டு அப்பா வருஷக்கணக்கில் காத்திருந்தார். எண்பதுகளின் பின்பாதியில் ஒருவழியாக வந்து சேர்ந்தது. "இங்கேயே செஞ்சதுதானே?" என்று யாராவது வாயைத் திறந்தால் அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"பாடிதான் சார் இங்க. மூளை ஃபுல்லா ஜப்பான்," என்பார்.

அந்த மூளையை அவர் அதிகம் சிரமப்படுத்தியதில்லை. ஆபீசுக்கு எப்போதும்போல தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி வெளியே வரும், குன்றத்தூர் முருகனைப் பார்ப்பதற்காக. மற்ற நாளெல்லாம் காக்கி உறைக்குள் தூங்கும். அந்த உறையைத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு டெய்லரை வீட்டுக்கே வரவழைத்து, அளவெடுத்துத் தைக்க வைத்தார். என் பள்ளிக்கூடச் சட்டைக்குக்கூட அப்படி அளவெடுத்ததில்லை. சாவி பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அம்மா கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டினாள்.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் இதே போன்ற வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் ஞாயிறுதோறும் கூடுவார்கள். முருகனிடம் பேசியதைவிட அப்பா அவர்களிடம் பேசியதுதான் அதிகம். பேச்செல்லாம் மைலேஜ். ஒருவர் ஒரு கணக்குச் சொல்வார், அடுத்தவர் அதைவிடக் கூட்டிச் சொல்வார். மைலேஜ் விஷயத்தில் உண்மை பேசிய கார்க்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. முடிவில் எல்லோரும் ஒன்றை ஒப்புக்கொண்டு கலைவார்கள்: சாவியைத் திருப்பினால் போதும், இந்த வண்டி கிளம்பாமல் இருக்காது.

அது அப்பாவுக்கு வெறும் பேச்சு இல்லை, எதிர் வீட்டு அங்கிளுக்கான பதில். அங்கிள் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் பழைய குண்டு கார் ஒன்று இருந்தது. காலையில் தள்ளினால்தான் கிளம்பும். அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தெருவில் பேப்பர் படிக்கிறவர், பல் தேய்க்கிறவர் எல்லோரும் வந்து ஒரு கை கொடுப்பார்கள். அப்பாவும் பல வருஷம் அதைத் தள்ளியவர்தான். சொந்த வண்டி வந்த பிறகும் தள்ளினார், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்போடு. அந்தச் சிரிப்பு அங்கிளுக்கு ஆகவே ஆகாது.

"உங்க கம்பெனி முதல்ல என்ன பண்ணிட்டிருந்தான், தெரியுமில்ல?" என்று ஆரம்பிப்பார்.

"தெரியும் சார். தறி பண்ணிட்டிருந்தாங்க. அப்புறம் சைக்கிள்ல மோட்டார் வெச்சாங்க. அதுக்கப்புறம் கார். படிப்படியா வந்தவங்க."

"தறி பண்றவன்கிட்ட வேட்டி வாங்கலாம். காரா வாங்குவாங்க? நான் சின்னப் பையனா இருந்தப்போ ஜப்பான் பொம்மை வாங்கிக் குடுத்தாங்க. சாயங்காலத்துக்குள்ள கழுத்து தனியா வந்துடுச்சு."

"அது அந்தக் காலத்து ஜப்பான் சார். இது வேற ஜப்பான்."

"பார்க்கலாம். ஒருநாள் இந்த சோப்பு டப்பாவை நான் தள்ளத்தான் போறேன்," என்று அங்கிள் முடித்துவிடுவார்.

இந்த வம்பில் யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்த வண்டியின் பூர்வீகத்தைப் பற்றி அக்கறை கிடையாது. கோவிலம்பாக்கத்தில் அவளுடைய அக்கா, என் பெரியம்மா, இருந்தாள். மூட்டு வலியால் பெரியம்மாவால் பஸ் ஏற முடியாது. அதனால் அம்மாதான் போக வேண்டும். தாம்பரம் போய் ஒரு பஸ், மேடவாக்கத்தில் இறங்கி இன்னொரு பஸ். போய் உட்கார்ந்து அக்காவோடு ஒரு காபி குடிப்பதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொன்னால் அப்பா, "அந்த ரோடு வண்டிக்கு ஆகாது," என்பார்.

அம்மா சும்மா இருக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டாள். அப்பா தடுக்கவில்லை. ஸ்வீட் வாங்கி வந்து கொண்டாடினார். லைசென்சை வாங்கிப் பார்த்தார், போட்டோ நன்றாக இருக்கிறது என்றார், பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான்.

"ஸ்கூல் வண்டி வேற, இது வேறம்மா. அதுல கியர் ஸ்டீயரிங் பக்கத்துல. இதுல கீழ. முரட்டுத்தனமா போட்டா உடைஞ்சு போயிடும்," என்றார்.

"உடையவே உடையாத வண்டின்னு ஊரெல்லாம் சொல்றீங்க. நான் தொட்டா மட்டும் உடைஞ்சுடுமா?"

அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கணக்கில் மார்க் குறைந்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். நஷ்டம் எனக்குத்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தால் போர்டிகோவில் காக்கி உறை தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. உள்ளே பூனை புகுந்துவிட்டதென்று உறையைத் தூக்கினால், டிரைவர் சீட்டில் அம்மா. வியர்வையில் குளித்திருந்தாள். இடது கை கியரில், கண்கள் மூடியிருந்தன. "ஃபர்ஸ்ட்டு, செகண்டு, தேர்டு," என்று சுலோகம் போலச் சொல்லிக்கொண்டே குச்சியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"உறையை இறக்கு. தெரு பார்க்கும்," என்றாள் என்னிடம்.

அப்பா ரயிலேறியதும் தினமும் மத்தியானம் இது நடந்திருக்கிறது. வண்டி ஓர் அங்குலம்கூட நகராது. ஆனால் உறைக்குள் அம்மா எத்தனையோ முறை கோவிலம்பாக்கம் போய் வந்துவிட்டாள். மேடவாக்கம் திருப்பத்தில் இண்டிகேட்டர் போடுவாள். மழை வந்ததாக வைத்துக்கொண்டு வைப்பரைப் போடுவாள், அது உறையில் மாட்டிக்கொண்டு முனகும். இருட்டிவிட்டதாக வைத்துக்கொண்டு ஹெட்லைட் போடுவாள். அங்கேதான் வினை வந்தது.

ஒரு சனிக்கிழமை அந்த இருட்டை அவள் முடித்து வைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் உறைக்குள் விளக்கு எரிவது வெளியே யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் மறுபடி உள்ளே போனபோது லைட் சோகை பிடித்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. சாவியைத் திருப்பினா போதும்னு உங்கப்பாவே சொல்வாரே. ஜப்பான் வண்டிதானே," என்றாள்.

வண்டிக்குப் பெட்ரோல் மட்டுமல்ல, பேட்டரியும் வேண்டும் என்பதை அப்பாவின் புகழுரைகளில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. அதுவும் எப்படிப்பட்ட ஞாயிறு. அங்கிளின் குண்டு கார் ஒர்க்ஷாப்பில் இருந்தது. குன்றத்தூருக்குத் தன்னையும் கூட்டிப் போக முடியுமா என்று முதல் நாள் அங்கிளே வாய்விட்டுக் கேட்டிருந்தார். அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. காலையில் உறையை உரித்து, துடைத்து, மாலை போட்டு, இஸ்திரி வேட்டியோடு வந்த அங்கிளுக்கு முன் கதவைத் திறந்துவிட்டு, தானும் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டிக் என்றது. மறுபடியும் திருப்பினார். அந்த டிக்கும் போய்விட்டது.

அங்கிள் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். "இன்னா சார், ஜப்பான் பட்த்துக்கிச்சா? பேஜாரா பூட்ச்சே," என்றார்.

"பேட்டரி டவுன். எப்படின்னுதான் புரியல," என்றார் அப்பா. அம்மா செம்பருத்திச் செடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஸ்டீயரிங்கில் யார் உட்காருவது என்று சிக்கல் வந்தது. வயதில் பெரியவர் தள்ள, தான் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அப்பா இறங்கிவிட்டார். "நீங்க உட்காருங்க சார்," என்று கெஞ்சினார். அங்கிள் மசியவில்லை. கீழே இருக்கிற கியர் தனக்குப் பழக்கமில்லை என்றார். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்ததாகவும் சொன்னார். இஸ்திரிக்காரருக்கு ஓட்டத் தெரியாது. அப்பா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"நேரா பிடிச்சுக்க, போதும். செகண்ட்ல போட்டு க்ளட்சை மிதிச்சுக்க. நான் சொன்னதும் விடு. கிளம்பினதும் ஆஃப் மட்டும் பண்ணிடாத. கொஞ்ச நேரம் ஓடினாத்தான் பேட்டரி ஏறும்."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தாள். மூவரும் தள்ளினார்கள். வண்டி தெருவுக்கு வந்து, வளைந்து, ஏரிப் பக்கமாக உருண்டது. அப்பா மூச்சு வாங்கி "விடு" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. தேர்டு மாறும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. உரசலே இல்லை. தெருமுனையில் வலது இண்டிகேட்டர் மினுக்கியது. வண்டி திரும்பிப் போய்விட்டது.

மூன்று ஆண்கள் நடுரோட்டில் கையை முன்னால் நீட்டியபடியே நின்றார்கள்.

"இன்னா சார், அம்மா நிக்காமப் போய்கினே கீறாங்க?" என்றார் இஸ்திரிக்காரர்.

"ஒரு சுத்து சுத்திட்டு வருவா," என்றார் அப்பா.

வரவில்லை. இஸ்திரிக்காரர் வேலையைப் பார்க்கப் போனார். அங்கிள் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. அப்பா உட்காரவில்லை. கேட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தார். அங்கிள் முதலில் கிண்டல்தான் செய்தார், அப்புறம் அவருக்கே பாவமாகிவிட்டது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார்," என்றார்.

"வண்டி கிடக்குது சார்," என்றார் அப்பா. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அம்மா எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

அவருக்கும் தெரிந்திருந்தது. "அந்த ரோடுதான் எனக்கு பயம்," என்றார்.

வெயில் ஏறிய பிறகு தெருவின் மறு கோடியிலிருந்து ஹாரன் கேட்டது. வண்டி நிதானமாக வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முன் சீட்டில் பெரியம்மா, மடியில் அர்ச்சனைக் கூடையை வைத்துக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணாதன்னு சொன்னீங்களே. சும்மா சுத்துறதுக்குப் பதிலா அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். குன்றத்தூருக்கு நேரமாச்சு, ஏறுங்க," என்றாள் அம்மா.

அப்பா பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவருகே போய் நின்றார். அம்மா நகரவில்லை. அப்பா சுற்றிக்கொண்டு முன் சீட்டின் மறு கதவுக்குப் போனார். பெரியம்மா முழங்காலைத் தடவிக்காட்டினாள். அப்பா பின் கதவைத் திறந்தார். தன் சொந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அந்தப் பக்கமாக அங்கிள் ஏறினார். நடுவில் நான். இருவருடைய முழங்கால்களும் மோவாயை இடித்தன. யாரும் தறியைப் பற்றியோ பொம்மையைப் பற்றியோ பேசவில்லை.

அம்மா கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கங்க," என்றாள். "பின்னாடி வர்ற வண்டி தெரியல."