மருந்து சாப்பிட்டேன் என்று சொன்னேன்

வயிற்றில் ஒன்றுமே இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கும்? இந்த யோசனை எனக்கு வந்தது போன கார்த்திகையில், விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில், திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு காலையில். யோசனை வந்த நிமிடமே செய்து பார்த்துவிடுவது என் சுபாவம். கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் திணித்தேன். மாத்திரையை மட்டும் நாலு வாய் டீயோடு விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு இருபத்தாறு வயது. திண்டிவனத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காய்ச்சலுக்காக ரத்தம் சோதித்தபோது சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. காய்ச்சல் போய்விட்டது, சர்க்கரை தங்கிவிட்டது. நான் பயப்படவில்லை. புதுப் பாடம் ஒன்று கிடைத்த மாதிரி கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. கணையம், இன்சுலின் என்று போனில் கிடைத்த வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தீர்த்தேன். வீட்டில் பாதி நாள் சோற்றை நிறுத்திவிட்டுக் கேப்பை அடைக்கு மாற்றினேன். அப்பா இரண்டாம் நாளே பக்கத்துத் தெரு ஓட்டலுக்கு மாறிக்கொண்டார்.

மாத்திரை தொடங்கிய பிறகுதான் உற்சாகம் இறங்கியது. வாயில் எந்நேரமும் இரும்புச் சாவியைச் சப்பிய ருசி. குமட்டல். வயிறு எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. கூட்டுவட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வகுப்பிலிருந்து ஓடியிருக்கிறேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போடு, தாங்க முடியாவிட்டால் வந்து சொல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்க் காத்திருந்து சொல்ல எனக்குப் பொறுமையில்லை. நானே தீர்வு கண்டுபிடிப்பதாக இருந்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் அம்மா. வளவனூரில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "பேச்சு முடியிற வரைக்கும் சக்கரைன்ற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் அதை ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் வயிறு புரண்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். டீ மட்டும் வந்தது. அதன் பிறகு வர ஒன்றுமில்லை, ஆனால் வயிறு அதை நம்பத் தயாராக இல்லை. கண்ணில் நீர் கொட்டியது.

பக்கத்தில் இருந்த அக்கா ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு மடியில் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்தார். என் முதுகைத் தடவிவிட்டு, "இன்னாம்மா, பித்தமா?" என்றார்.

தலையாட்டினேன். மறுபடி ஓங்கரித்தது. அக்கா என் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லை. காதருகே குனிந்து, "எத்தினி நாளு தள்ளிப்போயிருக்கு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யோ, அதெல்லாம் இல்லக்கா!" மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எதற்கு மாத்திரை என்று அடுத்த கேள்வி வரும். அதனால் பொதுவாக இருக்கட்டும் என்று, "மருந்து சாப்பிட்டேன்க்கா, அதான் இப்டி" என்றேன்.

அக்காவின் கை என் முதுகில் அப்படியே நின்றது. "மருந்தா? எதுக்குடி?"

"அத வெளிய சொல்ல முடியாதுக்கா."

"வீட்ல?"

"எங்கம்மா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது, ப்ளீஸ்."

பூக்கூடை கீழே விழுந்தது. அக்கா எழுந்து நின்று பஸ்ஸே அதிரக் கத்தினார். "யோவ் கண்டக்டரு, வண்டிய நிறுத்துய்யா! பொண்ணு மருந்து குடிச்சிட்டு வந்து ஒக்காந்துக்கினு இருக்குது!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் மருந்து குடித்துவிட்டார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயலுக்கு அடிக்கிற மருந்து. இருமலுக்குக் குடிப்பதைக்கூட டானிக் என்றுதான் சொல்வோம். அது எனக்குத் தெரியாததல்ல, நானும் அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள். ஆனால் ஒரு மாதமாகப் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் மருந்து, மருந்து என்றே பேசியதில் எனக்கு அந்தச் சொல் வேறாகிவிட்டிருந்தது.

பஸ் ஓரங்கட்டி நின்றது. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜல்தி திருப்பு, பெரியாஸ்பத்திரி பின்னாலதான் இருக்குது என்றது ஒரு குரல். உப்புத் தண்ணி குடுங்க என்றது இன்னொன்று. ஒண்ணும் குடுக்காதீங்க, அப்டியே தூக்கிக்கினு போங்க என்று ஒரு பெண் அதட்டினார். "எவனோ ஏமாத்திட்டுப் போயிருப்பான்" என்று பின் சீட்டில் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். வேட்டி கட்டிய ஒருவர் என்னிடம் குனிந்து, மிகவும் பொறுமையாகக் கேட்டார்: "பயப்படாம சொல்லும்மா. பூச்சி மருந்தா, களை மருந்தா? டாக்டரு மொதல்ல அதத்தான் கேப்பாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சுகர் மருந்துங்க!" என்றேன்.

"சக்கரையில கலந்து குடிச்சிருக்குதாம்!" என்று அவர் பின்னால் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

டிரைவர் வண்டியைத் திருப்ப இடம் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி, போலீஸ், வீட்டுக்குப் போன். மருந்து குடித்த பெண் என்ற பேர் வளவனூருக்கு எனக்கு முன்னால் போய்ச் சேரும். சத்தியத்தை ஒரு பக்கம், இதை ஒரு பக்கம் வைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து கத்தினேன்.

"எனக்கு சக்கரை வியாதி! டாக்டர் குடுத்த மாத்திரை! வெறும் வயித்துல போட்டேன், ஒத்துக்கல, அதான் வாந்தி!"

கண்டக்டர் கை நீட்டினார். பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துவிட்டு, அடியில் கிடந்த மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம மாத்திரை!" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரிய பேஜாரும்மா இது. எனக்கு ஆரம்பிச்ச புதுசுல ஸ்டாப்பிங்கே இல்லாத எடத்துலலாம் இந்த வண்டி நின்னுருக்கு. டிரைவரக் கேளு" என்றார்.

டிரைவர் திரும்பாமலே, "புளியமரம் புளியமரமா நிறுத்தினேன்" என்றார்.

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு ஆளாளுக்குத் தங்கள் சர்க்கரை அளவையும், தங்களுக்கு ஒத்துக்கொள்ளாததையும் சொல்ல ஆரம்பித்தார்கள். களை மருந்தா என்று கேட்டவருக்கும் இருந்தது. பாகற்காய் பற்றி ஒரு சண்டைகூட நடந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை, என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. "இதச் சொல்றதுக்கு இன்னாடி வெக்கம்?" என்று திட்டினார். கொஞ்சம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "என் தங்கச்சியும் பித்தங்க்கான்னுதான் சொன்னா" என்றார். பூவெல்லாம் காலடியில் நசுங்கிக் கிடந்தது. அள்ளிக்கொடுக்கக் குனிந்தேன். "கெடக்குது வுடு. மொதல்ல அந்த இட்லியத் துண்ணு, நான் பாக்கணும்" என்றார். தின்றேன். திண்டிவனம் வரும்வரை மணிக்கட்டை விடவில்லை.

அன்று மாலையே டாக்டரிடம் போனேன். அளவைக் குறைத்து, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. வாயில் அந்த ருசி மட்டும் எப்போதாவது வந்துபோகிறது. நடந்ததைக் கேட்ட அம்மா, "பஸ்ஸு பூராவுமா சொன்ன?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

வளவனூர்க்காரர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா மறுபடியும் சத்தியத்துக்குக் கையை நீட்டினார். நான் அடிக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தையை நான் விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், யாரென்றே தெரியாத ஒருவர் தன் தங்கையை இன்னொரு முறை பறிகொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் அவர்கள் வந்து உட்கார்ந்ததும், தட்டில் பலகாரம் வைப்பதற்கு முன்பே, நானே சொல்லிப் பார்க்கப்போகிறேன்.