நாலாம் கட்டிலை யாரிடம் ஒப்படைப்பது

என் மகள் ஸ்டெல்லாவுக்கு வந்த நோயின் முதல் அறிகுறி, அவள் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றதுதான். சாத்திய கதவைப் பார்த்து, "ஒண்ணு, தொண்ணூத்தாறு. ரெண்டு, தொண்ணூத்தஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். போன் கைப்பைக்குள் இருந்தது.

பன்றிக் காய்ச்சல் பெங்களூரில் பரவிய வருஷம் அது. பிரேசர் டவுனில் நாங்கள் இருவர்தான். அவள் ஐசோலேஷன் வார்டில் (தொற்று உள்ளவர்களைத் தனியே வைக்கும் பகுதி) நர்ஸ். இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்த வார்டுக்குள் போன காகிதம் வெளியே வரக்கூடாது. ஏழு கட்டிலில் இருப்பவர்களின் காய்ச்சல், நாடி, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, கவுனைக் கழற்றி, கை கழுவி, வெளியே வந்து அடுத்த சிஸ்டரிடம் ஒப்பிக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வீடு.

ஒரு நாள் நாலாம் கட்டிலின் அளவையும் ஐந்தாம் கட்டிலின் அளவையும் மாற்றிச் சொல்லிவிட்டாள். நாலாம் கட்டிலில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்தது, அவரைத்தான் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சிஸ்டர் ஐந்தாம் கட்டிலுக்குப் போனார். பஸ்ஸில் வரும்போது இவளுக்கு உறைத்து, போன் செய்தாள். அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது. இரண்டாம் நாள் டீச்சர் இறந்துபோனார்.

அந்த அரை மணியால் அல்ல, நுரையீரல் முன்பே கெட்டிருந்தது என்றாராம் பெரிய டாக்டர். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் தப்பா சொன்னத அவ கரெக்டா திருப்பிச் சொன்னா, மம்மி. நானும் தலையாட்டுனேன்."

அதற்குப் பிறகுதான் வாசலில் நின்று அந்த நம்பர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. மனநல டாக்டர் டிப்ரஷன் (விட்டுப் போகாத மனச்சோர்வு) என்றார். மாத்திரையும் லீவும் எழுதிக் கொடுத்தார். "சொல்ப, கொஞ்சம் டைம் ஆகும், ஆன்ட்டி. அவங்க நம்பர் சொன்னா நிறுத்தாதீங்க. கேளுங்க."

கேட்டேன். நோட்டில் எழுதினேன், திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது தூங்குவாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது ஏழா மம்மி? ஒண்ணு மாதிரி இருக்கு. உன் கையெழுத்துல என் பேஷன்ட் செத்துடுவாங்க" என்று சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு, பாதியில் நின்றது. அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

பிறகு ஒவ்வொரு கட்டிலாகக் குறைந்தது. கடைசியில் நாலு மட்டும் பாக்கி. ஒரு மத்தியானம் அதையும் சொன்னாள், திருப்பிச் சொன்னேன். மறுநாள் சொல்லவில்லை.

இப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பிரிவில் வேலை. சாப்பிடுகிறாள், குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறாள்.

எனக்குத்தான் நிமிஷம் என்பது வேறாகிவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று என் உடம்பு தானாக எண்ணுகிறது. லீவு நாளில் மத்தியானம் ஸ்டெல்லா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவேன். எண்ணிக்கொண்டே இருக்கும்போது அது அவள் மூச்சாக இருப்பதில்லை. அந்த டீச்சரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் நிமிஷம் முடியும்வரை அவரை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.