உள்ளே போக வேண்டாம், வெளியே போகட்டும்

சுனாமிக்கு முந்தின வருடம். அப்போது நான் காசிமேட்டில் ஒரு இறால் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ராயபுரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடி. எனக்கு நேர் கீழ்வீட்டுப் பெண்ணும் அதே ஷெட்தான். காலையில் சேர்ந்து போவோம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் தண்ணீரில் கை மரக்க மரக்க இறால் உரிப்போம், சாயங்காலம் சேர்ந்தே திரும்புவோம். என்னைவிட வயதில் சின்னவள்.

அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். குடித்தால் அடிப்பான். அந்தக் கோடையில் அவள் கையை முறுக்கி ஒடித்தே விட்டான். அதே குடியிருப்பிலிருந்து ஷெட்டுக்கு வரும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். கேஸ் போட்டு அவனை ஜெயிலில் வைத்தார்கள். எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அதற்கப்புறம் அலைந்தது யார் தெரியுமா? அவள்தான். கட்டுப் போட்ட கையோடு கோர்ட் வாசலில் நின்றாள். மனு போட்டு ஜெயிலுக்கும் போய் அவனைப் பார்த்தாள், போகாவிட்டால் மாமியார் சாபம் விடுவாள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளை 'ஜெயிலுக்குப் போனவன் புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஜாமீனுக்கு ஆள் தேடியதும் அவள்தான். "அடி வாங்கனதும் நானு, அவனுக்காக அலையறதும் நானு" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தவன் கொஞ்ச நாள் அடங்கியிருந்தான். பிறகு, "என்னையே உள்ள தள்ளனவதானே நீ" என்று அதையே காரணமாக வைத்து அடித்தான். இந்த முறை காதில் ரத்தம் வந்தது.

மறுநாள் ஷெட்டில் எல்லோரும் கொதித்தோம். திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போகலாம், இந்தத் தடவை லேசில் வெளியே வராதபடி பண்ணலாம் என்று ஆளாளுக்குப் பேசினோம். அவள் மட்டும் தலையைக் குனிந்து இறால் உரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"எல்லாரும் உனக்காகத்தான் பேசிகினு கீறோம். உனக்கு இன்னாதான் வேணும், சொல்லு" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவன் உள்ள போவ வேணாம் யக்கா. என் வூட்ட வுட்டு வெளிய போவட்டும். அது போதும்."

சண்டை என்றால் பெண்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். அதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அடித்தவன் வெளியே போவது என்று ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை. இத்தனைக்கும் அது அவளுடைய அம்மா விட்டுப்போன வீடு.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்கு பஸ் ஏறினோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவனுடைய அண்ணன் அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஸ்டேஷன்லயே குடுத்துடுங்கம்மா. உள்ள கெடந்தாதான் அவனுக்குப் புத்தி வரும்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்: "போன தபா உள்ள கெடந்தானே, வந்துச்சா?" அந்த அம்மாதான் முன்னறையில் அவனுக்கு இடம் கொடுப்பதாகச் சொன்னார். குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அண்ணன் பொறுப்பு என்று அந்த அம்மாவே முடிவும் செய்தார்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்த கையோடு எங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம். யார் பேசுவது என்றபோது எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். அதுவரை என் வீட்டுக்காரரிடமே எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். 'ஊர் வம்பு நமக்கு இன்னாத்துக்கு' என்று அவர் காலையில் வேறு திட்டியிருந்தார்.

அவன் வந்தான். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, நீங்கள்லாம் போலீசா?" என்றான்.

"போலீசு இல்லபா. போலீசுன்னா இட்டுகினு போய் அப்பால வுட்டுடுவாங்க. நாங்க இதே படியிலதான் தெனமும் ஏறி எறங்குவோம்" என்றேன். குரல் நடுங்கியது. நிறுத்தாமல் பேசினேன். "உன்ன அடிக்க வரல, அசிங்கப்படுத்தவும் வரல. நீ இங்க இருந்தா அவளுக்கு உசுரு பயம். உங்க அண்ணன் வூட்ல சொல்லி வச்சிகீறோம். அங்க போய் இரு. ஞாயித்துக்கெழம வந்து பசங்கள பாரு. கீழ, எங்க கண் எதிர்ல."

அவன் விருட்டென்று இரண்டு படி ஏறிக் கையை ஓங்கினான். யாரும் எழுந்திருக்கவில்லை, நகரவும் இல்லை. குறுகலான படி. எங்களை மிதிக்காமல் மேலே போக முடியாது. ஓங்கிய கை அப்படியே நின்றது. மேலே தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அவளைப் பார்த்து, "நீயும் இதத்தான் சொல்றியா?" என்று கேட்டான்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் அவள்.

அவளுடைய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவன் கையை இறக்கினான். அவள் முன்பே கட்டி வைத்திருந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். அப்போது மேலே இருந்து என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "வா மச்சான், பெரம்பூர் வரிக்கும் நானும் வரேன்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருமுறை குடித்துவிட்டு வந்து கீழே நின்று கத்தினான். வீட்டு வேலையைப் போட்டுவிட்டு எல்லா மாடிப் பெண்களும் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிடாதவர்கள்கூட வந்தார்கள். கத்தி ஓய்ந்து, அவனாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தான். பிள்ளைகளோடு கீழே கேரம் ஆடுவான், போய்விடுவான். ஒரு வருடம் கழித்து, திரும்ப வரட்டுமா என்று அண்ணி மூலம் கேட்டு அனுப்பினான். "இப்டியே நல்லாத்தான் கீது" என்று சொல்லி அனுப்பினாள் அவள். அவனும் வற்புறுத்தவில்லை.

பிறகு இதைக் கேள்விப்பட்டு வண்ணாரப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எங்கள் ஷெட்டைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஸ்டேஷனைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதற்கும் கூடப் போய் நின்றோம்.

அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அடி வாங்கியவள் பயமில்லாமல் தூங்க என்ன வேண்டும் என்று அவளையே கேட்டு, அதற்காகப் படியில் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை தானாக நிமிர்கிறது.