விழுந்தாலும் உடையாத கல்குலேட்டர்

அப்பாவோட பழைய பொக்கெட் கல்குலேட்டர விக்கிறதுக்குப் போன வாரம் இந்தக் குரூப்லதான் விளம்பரம் போட்டேன். "அலுமினிய உடம்பு, கீழ விழுந்தாலும் உடையாது"ன்னு நானேதான் எழுதினேன்.

வாங்க வந்தவர இன்னைக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட சந்திச்சேன். யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷன் எடுத்த சயன்ஸ் மாஸ்டர். நாவலப்பிட்டியில இருந்து துவாயில சுத்தி, மடியில வச்சுக் கொண்டுபோன சாமான் இது. ஓன் பண்ணிக் காட்டினேன். சிவப்பு இலக்கம் பளிச்சுன்னு எரிஞ்சது.

"விழுந்தா உடையாது எண்டு போட்டிருந்தீங்கள், என்ன பிள்ளை?"

"ஆமாங்க சேர்."

அவ்வளவுதான். தோள் உயரத்துக்குத் தூக்கி, சீமெந்துத் தரையில விட்டுட்டார்.

அவர் அவசரமில்லாம ஆறுதலா குனிஞ்சு எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம், நீங்கள் சொன்னது உண்மைதான். ஒரு கீறல் கூட இல்லை."

பிறகு பட்டனை அமத்தினார். எரியல. குலுக்கிப் பார்த்தார். உள்ள என்னமோ கிலுகிலுன்னுச்சு.

"உள்ளுக்குத்தான் பழுதாப் போச்சுது போல, பிள்ளை"ன்னு என் கையில வச்சுட்டு, பேராதனை பஸ்ல ஏறிப் போயிட்டார்.

விளம்பரம் இன்னும் அப்படியே கிடக்கு. "விழுந்தாலும் உடையாது"ங்கிறத அழிக்கணுமா, நீங்களே சொல்லுங்க. அது பொய் இல்லையே.