சீனியாரிட்டி பட்டியலில் முதல் பெயர்

செகந்திராபாத் பக்கத்து ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வைத்தியநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரிடம் மாட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தேழு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். அடுத்தவன் செய்த வேலையைக் கையில் வாங்கி, இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, 'ரிஜெக்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற அன்று மேளதாளத்தோடு வீட்டுக்கு அனுப்பினோம். ஒட்டுகிற பழக்கமும் கூடவே போய்விட்டது. அவருக்குக் கீழே இருபது வருடம் குப்பை கொட்டிய தியாகு என்கிற நான் சொல்கிறேன், நம்பலாம்.

அவருடைய உயிர் ஒரு ஆங்கிலப் படவரிசை. விண்வெளிக் கப்பல், வேற்றுக்கிரகச் சண்டை, ஒளி வாணவேடிக்கை எல்லாம் உண்டு. முதல் படத்தின் பெயர் 'கடைசி நெபுலா'. கடைசி என்று பெயர் வைத்துவிட்டு இதுவரை பத்துப் படம் எடுத்துவிட்டார்கள், பதினொன்றாவது வருகிறது. ரசிகர்கள் யாரும் இதைப் பற்றிக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

வைத்தியநாதன் அந்தப் படங்களுக்கு ரசிகர் சங்கம் வைத்தார். சங்கம் வைப்பது பெரிய விஷயமில்லை. எங்கள் காலனியில் காலையில் நடக்கிறவர்களுக்கே மூன்று சங்கம் இருக்கிறது. ஆனால் ரசிகர்களுக்கு சீனியாரிட்டி பட்டியல் போட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெயர், முதல் படம் பார்த்த தேதி, தியேட்டர், எத்தனை தடவை, டிக்கெட் சான்று உண்டா இல்லையா என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் தற்காலிகப் பட்டியல் வரும். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பிறகு இறுதிப் பட்டியல் வரும். முதல் மூன்று படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்கள் ஏ கிரேடு. என்னைப்போல் வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள் பி. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த நடு மூன்று படங்களால் உள்ளே வந்தவர்கள் சி. கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைகளுக்குப் பயிற்சி நிலை. பட்டியலில் ஒன்றாம் எண் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயருக்கு எதிரே '11 தடவை, டிக்கெட் சான்று உண்டு' என்று இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். ஏ கிரேடு ஆட்கள் சி கிரேடைப் பார்த்து, 'நீங்கள் பார்த்ததெல்லாம் படமா, கம்ப்யூட்டர் பொம்மை' என்பார்கள். சி கிரேடு ஆட்கள் ஹெல்மெட்டும் அங்கியும் மாட்டிக்கொண்டு வந்து, 'உங்கள் படத்தில் கப்பல் நூலில் தொங்குவது தெரிகிறதே' என்பார்கள். குழந்தைகள் இரண்டு பேரையும் மதிக்காது. அவர்களுக்கு பிப்பு என்கிற மூன்று கால் இயந்திரப் பூனை போதும். ஒவ்வொருவனும் பத்து வயதில் எதைப் பார்த்து வாய் பிளந்தானோ அதுதான் கலை, அதற்குப் பின் வந்ததெல்லாம் வியாபாரம் என்று சத்தியம் செய்கிறான். கம்பெனிக்காரன் மூன்று பேருக்கும் தனித்தனியாக டீ ஷர்ட் விற்றுக்கொண்டிருக்கிறான்.

இதில் வைத்தியநாதனுக்கு மட்டும் ஒரு தனிக் கொள்கை. நாம் எல்லாரும் பார்த்த முதல் படம் போலி என்பார். எண்பத்து நான்காம் வருடம் ஜூலை மாதம் செகந்திராபாத்தில் அவர் பார்த்ததுதான் அசல். அந்த அசலில் கேப்டன் ஓரன் இடைவேளைக்கு முன்பே கப்பலோடு எரிந்து சாகிறான். இடைவேளை முடிந்ததும் எதுவுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் பெரிய விழா, எல்லார் கண்ணிலும் கண்ணீர். ஓரன் மட்டும் மேடையில் இல்லை.

"செத்தவன் எப்படி வந்தான்னு எவனும் விளக்கம் கொடுக்கலை பாருங்கோ, அதான் தத்துவம். கடைசியில மேடைக்கே வரலை. பதவி வேண்டாதவன்! ஜனங்க ஆனந்தக் கண்ணீர் விடறா," என்பார்.

கேசட்டில் நான் பார்த்தபோது ஓரன் கடைசியில்தான் செத்தான். அந்த விழா இரங்கல் கூட்டம். இதை ஒரு தடவை சொல்லப்போய், ஒழுங்கு நடவடிக்கையாகப் பட்டியலில் ஆறு இடம் கீழே போனேன். கம்பெனி பிற்பாடு காட்சிகளை மாற்றி அடுக்கிவிட்டது என்பது அவர் கட்சி. அதனால் அந்தப் படத்தை கேசட்டிலோ டிவியிலோ அவர் பார்த்ததே கிடையாது. அமெரிக்காவுக்குப் பதினான்கு கடிதம் எழுதினார். பதிலுக்கு ஓரன் படம் போட்ட ஒரு அட்டை வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

வருடா வருடம் பட்டியலுக்கு ஆட்சேபணை எழுதும் ஒரே மனிதர் அப்துல் காதர். போலாரத்துக்காரர், எழுபது வயது. அந்தக் காலத்தில் அதே செகந்திராபாத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து படம் ஓட்டியவர். ஏ கிரேடு கேட்டு மனுப் போடுவார், நேரிலும் வருவார்.

"நம்ம கையாலதான் சார் அம்பது நாள் ஓடுச்சு. டிக்கெட்டு கைக்கு சார், எதுக்கு எனக்கு? ஓட்டுறவனே நான்தானே!"

"ரூல்னா ரூல் காதர் பாய். டிக்கெட் இல்லாம பட்டியல்ல ஏற முடியாது. உங்களுது டூட்டி, ரசிப்பு இல்லை," என்று வைத்தியநாதன் மனுவைத் திருப்பிக் கொடுப்பார். ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும்.

அந்த ஸ்டிக்கர் வீட்டுக்குள்ளும் ஒட்டும். மகள் சாஹித்யாவுக்கு ஒன்பது வயதானபோது நாலாவது படம் வந்தது. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து அழைத்துப் போனார். இடைவேளை மணி அடித்ததும் "இது நெபுலாவே இல்லை" என்று எழுந்து, குழந்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண் வீடு வரைக்கும் அழுதது. பிறகு தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு அதன் சிடியைக் கொடுத்தாள். அதன் உறையிலும் 'ரிஜெக்ட்' ஒட்டினார். இப்போது சாஹித்யா ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறாள். சங்கத்தில் சி கிரேடு, எண் முப்பத்தொன்று. அப்பாவிடம் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

இந்த வருடம் பதினொன்றாவது படம் வருவதற்கு முந்தின வாரம், முதல் படத்தைப் புதுப்பித்து செகந்திராபாத் பக்கம் ஒரு மாலில் ஒரே ஒரு காட்சி போடுவதாக அறிவித்தார்கள். படத்துக்கு முன் நகரத்தின் மூத்த ரசிகர் ஐந்து நிமிடம் பேசலாமாம். வைத்தியநாதன் சீனியாரிட்டி பட்டியலைச் சான்றொப்பமிட்டு அனுப்பினார். எடுபட்டுவிட்டது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். கண் பளபளவென்று இருந்தது.

"கம்பெனி ஆளும் வர்றானாம். எல்லார் முன்னாடியும் அசல் வரிசையைச் சொல்லப்போறேன். நாற்பது வருஷமா இதுக்குத்தான் காத்திண்டிருக்கேன் தியாகு. அன்னிக்கு என் பேச்சு எடுபடலேன்னா இந்தப் பட்டியலையே கிழிச்சுப் போட்டுடறேன்."

கிழித்தால் நல்லதுதான் என்று மனதில் நினைத்தேன். வாயால் "ஜமாயுங்க சார்" என்றேன்.

ஞாயிறு காலைக் காட்சி. தொப்பைக்கு மேல் ஏறிக்கொண்ட பழைய டீ ஷர்ட்டில் ஏ கிரேடு, அங்கிக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு சி கிரேடு, பின்னால் துணி வால் கட்டிக்கொண்டு பிப்புக் கூட்டம். தியேட்டர்காரர்கள் பழைய ஆபரேட்டர்கள் சிலரையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்துல் காதர் உட்கார்ந்திருந்தார்.

வைத்தியநாதன் மேடையேறினார். லேமினேட் செய்த டிக்கெட்டை உயர்த்திக் காட்டினார். செத்த ஓரன், சிரித்த ஓரன், பதவி வேண்டாத ஓரன் என்று வரிசையாக விளக்கிவிட்டு, அசல் பிரதியை வெளியிட வேண்டும் என்று முதல் வரிசையில் இருந்த கம்பெனி ஆளைப் பார்த்து முழங்கினார். அந்த ஆளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சாஹித்யாவின் மகள், பத்து வயது வர்ஷினி, படத்தை ஏற்கெனவே டிவியில் பார்த்தவள், எழுந்து நின்றாள். வாலைக் கையில் பிடித்துக்கொண்டு, "தாத்தா, ஓரன் சச்சிப்போயினப்புடு ஷிப் ரெக்க விரிகிப்போயிந்தி கதா? மரி இன்டர்வெல் தருவாத்த ஆ ரெக்க எலா வச்சிந்தி?" என்றாள். அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பதில் தெலுங்கில்தான். ஓரன் செத்தபோது கப்பலின் இறக்கை உடைந்ததே, இடைவேளைக்குப் பிறகு அந்த இறக்கை எப்படி வந்தது என்பது கேள்வி.

செத்த மனிதனுக்குத் தத்துவம் வைத்திருந்தவரிடம் உடைந்த தகரத்துக்குத் தத்துவம் இல்லை.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "சார், தப்பா நினைக்க நக்கோ. அது என் தப்பு." அப்துல் காதர் எழுந்திருந்தார். "ஒரே பிரின்ட்டு, ரெண்டு தியேட்டரு. ஆபிட்ஸ் தியேட்டர்ல காலைக் காட்சி முடிஞ்சு ரீல் பெட்டி ஸ்கூட்டர்ல வரணும். அன்னைக்கு சரியான மழை. மொத ட்ரிப்புல நாலு ரீல் வந்துச்சு. லேபிள் எல்லாம் நனைஞ்சு உரிஞ்சு போச்சு. நாலாவது ரீலுன்னு நினைச்சு மாட்டிட்டேன், ஓடினப்புறம்தான் தெரிஞ்சுது அது ஏழு. ஜனம் விசிலடிக்குது, நிறுத்தினா சீட்டைக் கிழிச்சுடுவானுங்க. இன்டர்வெல் விட்டுட்டு நாலு, அஞ்சு, ஆறு போட்டேன். அப்புறம் எட்டு. ஒரு பயலும் வந்து கேக்கல சார்."

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. முப்பத்தேழு வருடம் பழுது கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர், தன் வாழ்க்கையிலேயே பெரிய பழுதுக்குப் பாஸ் போட்டு, அதற்கு வேதாந்தமும் எழுதிவிட்டார். நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எத்தனை நாள் காதர் பாய் அப்படி ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"நாளா? ஒரே ஷோ சார். ரெண்டாம் நாள் மேட்னி. ஈவினிங் ஷோவுக்குள்ள டப்பா மேல பெயின்ட்டுல நம்பர் எழுதிட்டேன்."

"அப்ப மிச்சம் பத்து தடவை என்ன சார் பாத்தீங்க?" இதைக் கேட்டதும் நான்தான். ஆறு இடம் கீழே போட்ட கோபம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது.

சிரிப்பு மெல்ல அடங்கியது. வைத்தியநாதன் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். மைக் இருப்பதை மறந்துவிட்டார் போல.

"ஒரு தடவைதான்," என்றார். "அப்போ வேலை கிடைக்கலை. ஒரு தடவைக்குத்தான் காசு இருந்தது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் இறங்கி வந்து சாஹித்யாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் அவர்களுக்குப் பின் வரிசை. விளக்கை அணைத்தார்கள்.

அறுபத்து நாலு வயதில் வைத்தியநாதன் முதல் முறையாக 'கடைசி நெபுலா'வைப் பார்த்தார். இடைவேளை வந்தது, ஓரன் சாகவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், பாப்கார்ன்கூட வேண்டாமென்றார். ஏழாவது ரீல் அதனுடைய இடத்தில் வந்தது. இறக்கை உடைந்தது, கப்பல் எரிந்தது, ஓரன் போனான். அடுத்து விழா. மேடையில் இருந்தவர்கள் அழுதார்கள். அவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னால் சாய்ந்து, இன்னும் ஏதாவது காட்சி மிச்சமிருக்கும் என்பது போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து ஓட ஆரம்பித்தது.

"அப்போ திரும்பி வரவே மாட்டானா?" என்று மகளிடம் கேட்டார்.

சாஹித்யா அங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வருவான்ப்பா. நாலாவது படத்துல வருவான். இன்டர்வெலுக்கு அப்புறம்."

அடுத்த ஞாயிறு கூட்டம் இல்லை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே புதிய தற்காலிகப் பட்டியல். ஒன்றாம் எண் அப்துல் காதர், டிக்கெட் சான்று கட்டத்தில் 'தேவையில்லை'. வைத்தியநாதன் எண் இரண்டு, ஒரு தடவை. ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார். என்னை மட்டும் இன்னும் இரண்டு இடம் கீழே இறக்கியிருந்தார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்து நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். நாலாவது படத்தின் சிடி உறை. சிவப்பு ஸ்டிக்கர் பாதிதான் வந்தது, மீதி வரமாட்டேன் என்றது. எங்கள் தொழிற்சாலைக் கோந்து, லேசில் விடாது.

"உட்காருங்கோ தியாகு, பேசாம பாருங்கோ," என்றார். கீழே தரையில் சாஹித்யாவும் வர்ஷினியும் இருந்தார்கள். பழைய பிளேயரை எங்கிருந்தோ தேடி எடுத்து டிவியில் சொருகியிருந்தார்கள். படம் ஓடியது. சிடியில் இடைவேளை கிடையாது. ஆனாலும் பாதிப் படம் வந்த இடத்தில் சாஹித்யா ஒரு தடவை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.