மூடியில் எந்த ஊரைப் போடுவது?

நேற்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நான் தொடங்கப்போகும் டிசைன் கடையின் பெயரை ஒரு வியாபார வலைத்தளத்தில் பதிந்துகொண்டிருந்தேன். முதலில் மாநிலத்தைச் சொல் என்றது. தமிழ்நாடு என்றேன். அப்புறம் ஊர். பட்டியல் விரிந்தது. சென்னை, கோவை, மதுரை, சேலம் எல்லாம் வரிசையாக வந்தன; எங்கள் விருதுநகரைக் காணோம். சரி, நாம் அடக்கமானவர்கள், போகட்டும். சிவகாசி? அதையும் காணோம்! கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று கிடந்தது. நாடு முழுக்க வெடி அனுப்பி, சுவருக்குச் சுவர் காலண்டர் மாட்டிவிட்ட ஊர் 'மற்றவை'யாம். கொதித்துப்போய்ப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முறையிட்டேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே தலையாட்டினார். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கிறுக்கு என்னைப் பிடித்தது, காலேஜ் முடித்த கையோடு சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்த புதிதில். தினமும் விருதுநகரிலிருந்து பஸ். ஒருநாள் திருத்தங்கல் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் பஸ்ஸை உரசிக்கொண்டு ஒரு வடக்கத்தி லாரி வந்து நின்றது. ஊர் ஊராகப் பட்ட புழுதி அதன் மேல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. டிரைவர் தலையை நீட்டி ஒரே ஒரு சொல் கேட்டார்.

"சிவகாசி?"

ஜன்னலோரம் இருந்த அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன. என் கையும்தான். கேட் திறந்தது, லாரி போய்விட்டது, எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தபடியே இருந்தது. எத்தனை மாநிலங்களைத் தாண்டி வந்திருப்பார் அந்த மனிதர்! வழியில் யாரிடமாவது 'தமிழ்நாடு எங்கே' என்று கேட்டிருப்பாரா? ஒரு சொல்லை வாயில் அடக்கிக்கொண்டே வந்துவிட்டாரே! இம்புட்டு வளர்ந்த ஊருக்கு மாநிலத்தின் பெயர் எதற்கு ஒட்டிக்கொண்டு திரிகிறது?

அன்றிலிருந்து லேபிள் டிசைன் எது வந்தாலும் என் கண் அடியில் ஓடும் பட்டையில்தான் நிற்கும். 'சிவகாசி, தமிழ்நாடு.' அந்தக் கமாவையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அழித்துவிட விரல் துறுதுறுக்கும்.

எங்கள் கம்ப்யூட்டர் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே மிஷின்களின் இரைச்சல், மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, ஈரப் பசை வாசனை. கதவைத் திறந்து உள்ளே வந்தால் சட்டென்று குளிரும். அச்சகத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை அதுதான். ஏசி கம்ப்யூட்டருக்குத்தான், ஆனால் முதலாளி அண்ணாச்சி உட்பட எல்லோருக்கும் மதிய நேரத்தில் என் டிசைன் மீது திடீர் அக்கறை வந்துவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, "கலரு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று ஆரம்பிப்பார்கள். காற்று வாங்கி முடிந்ததும் கலர் சரியாகிவிடும்.

அந்த அறைக்குத்தான் மாரியப்பன் அண்ணனும் அவர் மனைவி பொன்னுத்தாய் அக்காவும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் போர்மேன், அக்கா பெட்டி ஒட்டியவர். இப்போது சிவகாசியை ஒட்டிய தங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் சின்னதாகச் சொந்த யூனிட். முதல் சீசன். பெட்டி மூடிக்குத் தங்கள் மார்க்காகப் பம்பரம் படம் வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.

"இந்த சீசன் ஓடலைன்னா திரும்ப அந்த கம்பெனி கேட்டுக்குத்தான் தம்பி போகணும்," என்றார் மாரியப்பன். "அங்கன இருக்கவுக இப்பமே சிரிக்காக."

எனக்கு வாய் நிற்குமா? "அண்ணே, மூடியில ஒங்க பம்பரம். அதுக்குக் கீழ, பாதி மூடிக்கு, சிவகாசி. வேற ஒண்ணும் வேண்டாம்."

சட்டப்படி போட வேண்டிய முழு முகவரி பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்யும். என் சண்டை மூடிக்கு.

"தமிழ்நாடு?" என்றார்.

"எதுக்குண்ணே? மும்பைக்காரன் எல்லாத்துலயும் மகாராஷ்டிரான்னா எழுதிட்டுத் திரியுதான்?"

"ஏலே, அவன் ஊர்ல கடல் இருக்கு," என்றார் அண்ணாச்சி, ஏசிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டே. "நம்ம ஊர்ல என்ன இருக்கு? வெயிலு."

"அந்த வெயிலு இல்லைன்னா வெடி எங்கன காயும் அண்ணாச்சி?"

மாரியப்பன் சிரிக்கவில்லை. "தம்பி, நான் ஒருக்க லோடோட வடக்க போயிருக்கேன். போன எடமெல்லாம் மதராசி, மதராசின்னுதான் கூப்பிட்டான். தமிழ்நாடுன்னு ஒண்ணு இருக்குன்னு அவன் வாயில வரவே மாட்டேங்கு. பெட்டியில போட்டாலாச்சும் வாசிப்பான்ல?"

நியாயம் அவர் பக்கம் என்று தெரிந்ததால் இன்னும் சத்தமாகப் பேசினேன். கடைசியில் அண்ணாச்சி கையைத் தூக்கி, இரண்டு விதமாகவும் மாதிரிப் பெட்டி செய்து பாண்டியிடம் கொடுத்துவிடச் சொன்னார். பாண்டி, பல கம்பெனிகளுக்கு வடக்கே போய் ஆர்டர் எடுத்து வருகிற பையன். எங்கே போனாலும் வெடி எதுவும் கொண்டுபோகாமல், வெறும் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு ரயில் ஏறுவான். இரண்டு பம்பரங்களும் அப்படித்தான் கிளம்பின. அவன் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது; ஆனால் யாரிடமும் வேறு பேச்சுப் பேசவில்லை.

வந்ததும் நேராக ஏசி அறைக்குத்தான் வந்தான். மாரியப்பனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, அவர்கள் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் என்னை வதைத்தான்.

"வடக்க மொத்தக் கடை வச்சிருக்க சேட்டு முன்னால ரெண்டு பெட்டியையும் வச்சேன்," என்று தொடங்கினான். "அவரு என்ன செஞ்சாருங்கீக? ஒண்ணும் பேசாம உள்ள போயி, வேற ஒரு பெட்டியக் கொண்டாந்து நடுவுல வச்சாரு. மூடியில பெருசா சிவகாசின்னு இருக்கு. திருப்பிப் பாத்தா அடியில ஏதோ வடக்கத்தி ஊரு. நம்ம ஊரக் கண்ணால பாக்காத பய செஞ்ச வெடி!"

"களவாணிப்பய," என்றார் அண்ணாச்சி.

"சேட்டு அதுக்கு மேல. சிவகாசின்னா ஊரா, வெடிக்கே அதுதானய்யா பேருங்காரு."

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாநிலத்தின் துணை இல்லாமல் என் சிவகாசி அத்தனை தூரம் போயிருக்கிறது. போன வேகத்தில் தான் ஓர் ஊர் என்பதையே உதறிவிட்டுப் போயிருக்கிறது. ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அப்ப தமிழ்நாடு போட்டுருங்க," என்றார் மாரியப்பன், சுரத்தே இல்லாமல்.

"அத அச்சடிக்க அந்தப் பயலுக்கு எம்புட்டு நேரம்ணே ஆகும்?" என்றான் பாண்டி.

கதவோரம் நின்றிருந்த பொன்னுத்தாய் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க ஊரு பேரப் போடுங்க. விஸ்வநத்தம். அத எவன் களவாங்கப் போறான்? எவனுக்குந்தான் தெரியாதே."

அறை குலுங்கச் சிரித்தோம். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தா, தெரியாத பேரப் போட்டு மாலு எப்பிடி விக்கும்?" என்றார்.

"தெரிஞ்ச பேரப் போட்டுத்தான இப்ப இந்தப் பாடு."

சிரிப்பு நின்ற இடத்தில் நான் பற்றிக்கொண்டேன். ஒரு நிமிஷம் முன்புவரை சிவகாசிக்காக உயிரை விட இருந்தவன், அவர்கள் முன்னாலேயே மாநிலத்தை அழித்தேன், சிவகாசியைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினேன், பம்பரத்துக்குக் கீழே விஸ்வநத்தத்தை மஞ்சளில் ஏற்றினேன். என் நிலைப்பாடுகள் எப்போதும் அந்த வேகத்தில்தான் மாறும்.

மாரியப்பன் திரையையே பார்த்தார். "சேட்டு சிரிச்சா?"

"சிரிக்கட்டும்," என்றார் அக்கா. "அந்தக் கேட்டுல போயி நிக்கும்போது சிரிக்கிறதுக்கு, இது மேலு."

அச்சடித்தோம். முதல் சீசன் இழுபறிதான். போன மாலில் கொஞ்சம் தேங்கியது. மறுவருஷம் ஆர்டர் எடுக்கும் நாட்களில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி செருப்போடு ஏசி அறைக்குள் ஓடிவந்தார். "ஏலே, பாண்டி போன்ல கத்துதான்! அந்த விஸ்வநத்தம் பெட்டி இருக்கான்னு சேட்டு கேக்காராம்!" நான் குதித்த குதியில் கம்ப்யூட்டர் ஒயர் பிடுங்கிக்கொண்டது. சேமிக்காத வேலை அத்தனையும் போனது. போகட்டும்! மாரியப்பன் பழைய கேட்டுக்குப் போகவில்லை.

அந்த மூடி இப்போது இல்லை. இன்று கடைகளில் பெட்டிகளைப் பாருங்கள். மூடி முழுக்க நடிகர் முகமும் கார்ட்டூன் பொம்மையும்தான். ஊர்களெல்லாம் அடியில் பொடி எழுத்துக்குள் போய்விட்டன. மாரியப்பனின் புதுப் பெட்டியிலும் விஸ்வநத்தத்தைக் காணோம். மனசு கேட்காமல் போன மாதம் அவரிடமே கேட்டேன். "இனி ஊரு பேரு எதுக்குத் தம்பி? பம்பரத்தப் பாத்தாலே தெரியுதுல்ல," என்றார். மாநிலத்தைச் சிவகாசி உதறியது போலவே அவரும் ஊரை உதறிவிட்டார். வளர்கிறவர்கள் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டேதான் போகிறார்கள் போல. எனக்கு வருத்தமா என்றால், ஆமாம். சந்தோஷமா என்றால், அதுவும் ஆமாம்.

விருதுநகரில் என் சொந்தக் கடை அடுத்த வாரம் திறக்கிறது. முதல் ஆர்டர் கையில் வந்துவிட்டது: என்னோடு படித்த மல்லாங்கிணற்று நண்பன், தங்கள் மானாவாரிக் காட்டில் விளைந்த கொத்தமல்லியைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் போட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பப் போகிறான். "விருதுநகர் மாவட்டம், தமிழ்நாடு எல்லாம் மறக்காமப் போட்டுருலே, இல்லைன்னா எவனுக்குத் தெரியும்?" என்று பயப்படுகிறான். நாளைக்குக் காலையில் மல்லாங்கிணறு பஸ். டிசைன் தயார். முன்பக்கம் முழுக்க ஒரே பெயர், மல்லாங்கிணறு. விற்கவில்லை என்றால் என்ன, பின்பக்கத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன். மாவட்டம், மாநிலம், தேசம், பூமி வரைக்கும் எழுதிக்கொள்ளலாம்.