அடுப்படியில் முதலில் வந்த தண்ணீர்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவள் மீட்டரக்கா. பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. ஆனால் கேட்டைத் திறந்து நுழைந்தால் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பத் தெரியாது. "இந்த விரிசல் போன மாசம் இல்லையே?" "அந்த பைப்பை எதுக்கு இப்படி வளைச்சிருக்கீங்க?" என்று ஏதாவது கேட்டால்தான் கால் நகரும்.

"இவ பொறந்தப்போ அழவே இல்லையாம். 'ஏன்?'னுதான் கேட்டாளாம்" என்று தையல்காரரான அவள் கணவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் வீடு கீழ்த்தெருவில். சரிவின் அடியில் அறுபத்தொரு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். வாசலுக்கு எதிரே கால்வாய், கொல்லைக்குப் பின்னால் ஒரு பழைய வடிகால். சரிவின் மேலே மேல்தெரு. அங்கே ஒரு ஏரி. ஏரித் தண்ணீரைக் கால்வாயில் விட ஒரு மதகு. மதகைப் பார்த்துக்கொள்ள ஒரு மதகுக்காரர். மீட்டரக்காவின் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருந்ததும் மேல்தெருவில்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அந்த வருடம் மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் மதியம் கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. பாத்திரம் பண்டத்தைத் தூக்கி மேலே வைப்பதற்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. ஒரு வீடும் தப்பவில்லை. வெல்டரின் அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தவர். பட்டறையிலிருந்த மகன் விழுந்தடித்து ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் தெருவில் ஒரே பேச்சுதான். ஏரி நிரம்பி மேல்தெருவுக்குள் போய்விடக் கூடாதென்று மதகைத் திறந்து நம்மை முக்கிவிட்டார்கள். பார்த்தவர் யாருமில்லை, அந்தப் பேச்சைச் சந்தேகித்தவரும் யாருமில்லை. மூன்றாம் நாள் வெல்டர் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். மதகுக்காரரின் இடது மணிக்கட்டு முறிந்தது.

அதோடு போகவில்லை. கீழ்த்தெருக்காரர்கள் மேல்தெரு வழியாக நடக்கக் கூடாது என்று குறுக்கே டிரம்களை உருட்டி வைத்தார்கள் மேல்தெருக்காரர்கள். பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் மேலேதான். பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடந்தன. நாத்தனார் ஒருநாள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணி, உங்ககூடப் பேசுனா இவருக்கு மூக்குக்கு மேல கோவம் வருது. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதீங்க."

"நான் என்னடி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. கீழ்த்தெருவுல இருக்கீங்க, அவ்வளவுதான்."

டிரம்களைத் தாண்டி இரு பக்கமும் போய் வர முடிந்த ஒரே ஆள் மீட்டரக்காதான். நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையும் இருந்ததால் அவளை யாரும் தடுக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு சேறு அப்பிக் கிடந்த மீட்டர்களைத் துடைத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டில் கண்ணாடியைத் துடைத்தவள், கையிலிருந்த துணியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். துணி சிவப்பாக இருந்தது. கால்வாய்ச் சேறு கருப்பு. தூர் வாரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறாள். கால்வாய் பொங்கித்தான் தண்ணீர் வந்தது என்றால் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? ஆறாவது வீட்டிலும் சிவப்பு, ஏழாவதிலும் சிவப்பு.

அன்றிலிருந்து மீட்டர் எண்ணோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டாள்.

"தண்ணி முதல்ல எந்தப் பக்கமா வந்துச்சு? அப்போ நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"எந்தப் பக்கமா வரும்? மதகைத் திறந்தா வாசல் பக்கமாத்தான் வரும்" என்றாள் ஒரு அம்மாள் வெடுக்கென்று.

"சரிக்கா. உங்க காலு எங்க நனைஞ்சுது?"

"காலா? அடுப்படியில பாத்திரம் கழுவிட்டு நின்னேன். சில்லுனு பட்டுச்சு. குழாயை மூடலையோன்னு..." அந்த அம்மாள் நடுவில் நிறுத்தினாள். கீழ்த்தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்படி பின்கட்டில்தான்.

மணி கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் வேறு ஏதாவது ஞாபகம் இருந்தது. ஒருவர் ஒன்றரை மணிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் கட்டிலில் படுத்தபடி, செருப்பு இரண்டும் வாசலை நோக்கி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "எனக்கு முன்னாடி அதுங்க கெளம்பிடுச்சு" என்றார். செருப்பு போன திசையையும் குறித்துக்கொண்டாள்.

பதினைந்து நாளில் தெரு முடிந்தது. ஐம்பத்து மூன்று வீடுகளில் தண்ணீர் பின்பக்கமாக, இரண்டு மணிக்கு முன்பே வந்திருந்தது. ஐந்து வீடுகளில் வாசல் வழியாக, நான்கு மணிக்கு மேல். இரண்டு வீட்டில் ஆளே இல்லை. வெல்டர் வீட்டில் மட்டும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் மதகுக்காரர் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனாள். அவர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு மதகைத் திறந்தீங்களா?"

அவர் மனைவி கதவருகே வந்து நின்றாள். மதகுக்காரர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"திறந்தேன்" என்றார். "திறக்கலைன்னா கரை உடைஞ்சிருக்கும். கரை உடைஞ்சா மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது."

"எத்தனை மணிக்குண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாள்ல இதை யாருமே கேட்கலம்மா. 'திறந்தியா'ன்னு மட்டும்தான் கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கப்புறம் பேச விடல." ஒற்றைக் கையால் அலமாரியிலிருந்து மதகு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாற்பது என்று எழுதியிருந்தது.

அப்படியானால் முதல் தண்ணீர் மதகிலிருந்து வரவில்லை. பின்னே எங்கிருந்து? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடையை ஊன்றிக்கொண்டு தெருவுக்குப் பின்னால் வடிகாலோடு நடந்தாள். சரிவின் மேல் பாதியில் மனை போடுவதற்காக மேல்தெருக்காரர்கள் புதர்களை வழித்து எடுத்திருந்தார்கள். மண் புண்ணாகத் திறந்து கிடந்தது. அதன் நிறத்தைப் பார்த்ததும் துணி ஞாபகம் வந்தது. அந்த மண்ணெல்லாம் வடிகாலில் இறங்கியிருந்தது. வடிகாலோ, முதல் வீடுகளுக்குப் பின்னால் ஐந்தடி அகலம். போகப் போக ஒருவர் வீட்டுக் குளியலறைக்கு அடியில், இன்னொருவர் விறகுக் கொட்டகைக்கு அடியில் என்று பதுங்கிப் பதுங்கி ஓடியது. பதினோரு இடத்தில் சிலாப் போட்டு மூடியிருந்தார்கள். ஓரிடத்தில் குடையின் நுனிகூட நுழையவில்லை. உடைந்த ஓடும் செங்கல்லும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் ஒரு அறை.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அவள் வீட்டுத் திரைச்சீலை தொங்கியது. நாலு வருடத்துக்கு முன், துணி வெட்ட இடமில்லையென்று கணவர் கட்டிய அறை. கட்டும்போது ஓடு சுமந்து கொட்டியதில் அவள் கையும் உண்டு. ஊரில் எல்லாவற்றையும் கேட்டவள், அன்றைக்கு அதை மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்து சொன்னபோது கணவர் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"பதினோரு பேரு மூடியிருக்கான். நம்ம மட்டும்தான் கிடைச்சோமா?"

"மத்தவங்க இடத்துல கொஞ்சமாவது தண்ணி போகுதுங்க. நம்ம இடத்துல சுத்தமா அடைப்பு."

"கூட்டம் போட்டு வெளிய சொல்லப் போறியா? வெல்டரு அப்பா செத்திருக்காரு. அவன் நம்மள உயிரோட விடுவானா?"

"மதகுக்காரரோட கைய உடைச்சாச்சு. அடுத்து யாரோட கைய உடைக்கறதுங்க?"

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலை, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "எப்பக் கூட்டம்?" என்று கேட்டார்.

கூட்டம் நடத்த இரண்டு தெருவும் ஒத்துக்கொண்ட ஒரே இடம் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை இரு தெருவுக்கும் பொதுவான ஆள். மேல்தெருக்காரர்கள் ஒரு பக்கமும் கீழ்த்தெருக்காரர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மீட்டரக்காவுக்கு வீடு வீடாகப் பேசித்தான் பழக்கம். கூட்டத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் கரும்பலகையில் தெருவை வரைந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வந்த பக்கத்துக்கு ஒரு அம்பு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதினாள். அம்புகள் சேரச் சேரச் சலசலப்பு அடங்கியது. கடைசியாகத் தன் வீட்டுக்குப் பின்னால் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள்.

"இது எங்க ரூமு. வடிகாலை முழுசா அடைச்சது நாங்கதான். இன்னும் பத்துப் பேரு மூடியிருக்காங்க, அவங்களே சொல்லட்டும். மேல மண்ணை வழிச்சு விட்டவங்களும் சொல்லட்டும்."

வெல்டர் எழுந்தார். அவள் கணவரும் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எங்க வீட்டுல எத்தனை மணிக்கு?" என்று மட்டும் வெல்டர் கேட்டார்.

"உங்க வீட்டுல கேட்க எனக்கு மனசு வரலண்ணே. பக்கத்து வீட்டுல ஒண்ணே முக்காலுக்குக் கட்டில் உயரம்."

வெல்டர் பலகையையே பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மறு ஞாயிறு கணவர் தாமே கடப்பாரை எடுத்துத் தம் அறைச் சுவரில் முதல் அடி போட்டார். அன்று அவர் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. சிலாப்புகளின் கம்பியை எப்படி அறுப்பது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வெல்டர் கேஸ் கட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பதினோரு இடத்துக் கம்பிகளையும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மதகுக்காரர் வீட்டுக்கு அவர் இரண்டு தடவை போனாராம். முதல் தடவை மதகுக்காரரின் மனைவி கதவைச் சாத்திவிட்டாள். இரண்டாம் தடவை உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று மீட்டரக்காவுக்கே தெரியாது. கேட்டுப் பார்த்தாள், இருவருமே சொல்லவில்லை.

டிரம்கள் போயின. மேல்தெருக்காரர்கள் வழித்த சரிவில் கல் அடுக்கிப் புல் வைத்தார்கள். பாதிதான் முடிந்தது, அதற்குள் ஆயிரம் சாக்கு. மதகைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கீழே போன் வரும் என்று ஏற்பாடானது. நடக்க முடியாதவர்கள் கீழ்த்தெருவில் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் மேல்தெருவிலிருந்து ஒருவர், கீழ்த்தெருவிலிருந்து ஒருவர் என்று பெயர் எழுதி வைத்தார்கள். அவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சர் செய்து கொடுத்தவர் வெல்டர்.

அடுத்த மழைக்காலத்தில் வானம் மறுபடி பொத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையிலேயே ஏழு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். பருமனான ஒரு அம்மாளை முன்னால் வெல்டரும் பின்னால் நாத்தனாரின் கணவரும் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே உசரத்துல பொறந்திருக்கக் கூடாதா? தலை கீழ போகுதுடா!" என்று படுத்தபடியே அந்த அம்மாள் திட்டினாள்.

"பேசாம வாங்கம்மா, சிரிச்சா கை நழுவும்" என்றார் நாத்தனாரின் கணவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

மதியம் நான்கு வீடுகளில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. சாயங்காலத்துக்குள் வடிந்தும் விட்டது. நாத்தனார் ஒரு பெரிய போணி நிறையச் சோற்றைச் சுமந்துகொண்டு, நனைந்தபடியே இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, உள்ள விட மாட்டீங்களா?" என்றாள். மீட்டரக்கா முழங்கால் வரை மடித்திருந்த சேலையை இறக்கிவிட்டுப் போணியை வாங்கிக்கொண்டாள்.